கச்சோலப் பாத்தி

"தோண்டு" என்றார் நாகேஸ்வரன்.

தோட்டக்காரன் வேதமாணிக்கம் மண்வெட்டியைத் தொடவில்லை. "வேண்டாம் ஏமானே. மழை விழட்டும். தானா முளைச்சு வரும்."

"அப்போ தாணு சொன்னது சரிதான். உள்ளே கிழங்கு இல்லை."

அரசாங்க விருந்தினர் பங்களாவின் மாமர நிழலில் புல் பிடிக்காது. அதனால் அங்கே கச்சோலம் என்ற வாசனைக் கிழங்குச் செடியை நட்டிருந்தார்கள். மழைக்காலம் முழுக்க அதன் வட்ட இலைகள் தரையோடு ஒட்டி, பச்சைப் பாய் விரித்தது போல் கிடக்கும். கோடையில் இலை காய்ந்துபோகும். கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். இப்போது கும்ப மாதம், கோடையின் தொடக்கம். வெறும் மண்தான் தெரிந்தது.

வேதமாணிக்கம் கிழங்கைத் தோண்டி மடியில் கட்டியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சேவகன் தாணு சொல்லியிருந்தான். தோட்டத்துப் பொறுப்பு நாகேஸ்வரனுடையது. வரிசைக்கு இருபது, பத்து வரிசை. இலை உதிர்ந்தாலும் அவருக்குக் கணக்கு உண்டு.

தாணுவே தோண்டினான்.

முதல் வரிசை, இருபது. இரண்டாவது, இருபது. ஒன்பது வரிசையும் சரியாக இருந்தது. சுவரோரம் இருந்த கடைசி வரிசையில் ஏழுதான்.

"பதிமூணு எங்கே?"

வேதமாணிக்கம் குனிந்து, தோண்டிப் போட்ட கிழங்குகளை நிழலுக்கு ஒதுக்கினான்.

"வித்தியா?"

"ஒண்ணுகூட விக்கல்லை ஏமானே."

"பின்னே, பச்சையாக் கடிச்சுத் தின்னான் போல!" என்று தாணு சிரித்தான்.

"நீ சும்மா இரு. வேதமாணிக்கம், யாருக்குக் கொடுத்தே? பேரைச் சொல்லு, உன்னை விட்டுடறேன்."

"பேரு மட்டும் கேக்காதீங்க."

"பத்தொன்பது வருஷ வேலை! நாலு பிள்ளைகளை நினைச்சுப் பார்த்தியா?"

"நினைச்சேன் ஏமானே."

"சரி. நாளை முதல் வர வேண்டாம்."

வேதமாணிக்கம் கும்பிட்டான். தோண்டிய கிழங்குகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் புதைத்து, மேலே சருகு மூடினான். "மூடலைன்னா வெயில்ல வெந்துபோயிரும்" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனான்.

கரமனையில் வீட்டுக்கு வந்து இலை முன்னால் உட்கார்ந்த பிறகும் நாகேஸ்வரனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"கள்ளன்! பதிமூணு கச்சோலக் கிழங்கு. இன்னியோட அவன் சீட்டைக் கிழிச்சாச்சு."

பரிமாறிக்கொண்டிருந்த மனைவி லலிதாம்பாளின் கை நின்றது.

"வேதமாணிக்கத்தையா?"

"பேரைச் சொன்னா விட்டிருப்பேன். வாயே திறக்கலை."

"எப்படித் திறப்பான்?" அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்க மூச்சிழுப்புக்குக் காலம்பற தேன்ல குழைச்சுத் தரேனே, அது கச்சோலம்தான். பச்சைக் கிழங்குதான் கேக்கும்னார் வைத்தியர். கடைல உலர்ந்ததுதான் கிடைச்சுது. நான்தான் அவன்கிட்டே கேட்டேன்."

வாரத்துக்கு ஒன்று. பதிமூன்று வாரம். அவர் மனம் தானாகவே கணக்குப் போட்டது. அந்தப் பதிமூன்று வாரமாகத்தான் அவர் ராத்திரி படுத்துத் தூங்குகிறார்.

"என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"உங்ககிட்டே சொல்றேன்னுதான் அவன்கிட்டே சொன்னேன். அவன்தான் கையெடுத்துக் கும்பிட்டான். 'சர்க்கார் கிழங்குன்னு தெரிஞ்சா ஏமான் அந்த நிமிஷமே மருந்தை நிறுத்திருவாரு. அவரு மூச்சைவிட என் வேலை பெரிசா அம்மா?'ன்னான்."