கல்யாணப் பெண்ணின் கை

பூங்கொத்து மூன்றாவது முறையாகக் கீழே விழுந்தது.

"நான் வரல" என்றாள் கல்யாணப்பெண். "அவரை உள்ள வரச் சொல்லு. இந்த ரூம்லயே கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் திரும்பிப் போயிருக்கிறார். இவளானால் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கிறாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தக் கை நடுக்கம் பயத்தில் வருவதில்லை. மூன்று வருடமாக இருக்கிறது. டீ டம்ளரைக்கூட இரண்டு கையால்தான் பிடிப்பாள். மாப்பிள்ளைக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மற்ற நாற்பது பேருக்கும் இன்றைக்குத்தான் தெரியப்போகிறது, அதுவும் கல்யாணக் கோலத்தில். அதை அவளால் தாங்க முடியவில்லை.

பூ அலங்காரத்துக்கு வந்திருந்த அக்கா குனிந்து கொத்தை எடுத்தார்.

என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கையை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கட்டிய கொத்தின் ரிப்பனைக் கத்தரியால் வெட்டினார். பூவெல்லாம் மேசையில் சரிந்தது.

"ஐயையோ!" என்று கத்திவிட்டேன்.

"லேசாக் கட்டிட்டேன், என் தப்பு" என்றார். "லேசா இருந்தாத்தான் ஆடும்."

நானும் எத்தனையோ கைவேலைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். தன் தப்பே இல்லாத ஒன்றை இவ்வளவு சாதாரணமாகத் தன் தலையில் போட்டுக்கொண்டவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வாளியிலிருந்து தடித்த தண்டாகப் பார்த்து எடுத்தார். ஒவ்வொன்றையும் ஒரே பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து வைத்து, இடது கையிலேயே கொத்தைச் சுழற்றிக்கொண்டு போனார். ரோஜா, இலை, மறுபடி ரோஜா. விரல்கள் தம் பாட்டுக்கு ஓட, வாய் தன் பாட்டுக்குப் பேசியது.

"அந்தக் காலத்துல சில நாட்டுல கல்யாணப் பொண்ணுங்க கையில பூவே இருக்காதாம். பூண்டும் வாசனைத் தழையும்தான் பிடிச்சுக்கிட்டுப் போவாங்களாம். கெட்டது எதுவும் கிட்ட வராதுன்னு."

"பூண்டா?" என்றாள் பெண். "அப்புறம் மாப்பிள்ளை எப்படிக் கிட்ட வருவாரு?"

அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ரோஜா ஒன்று இதழ் உதிர்த்தது. பெண்ணும் சிரித்தாள். காலையிலிருந்து நான் தொண்டை வற்றக் கெஞ்சியும் மிரட்டியும் வராத சிரிப்பு. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஓரத்தில் ஒரு பச்சைக் கொடியைச் சுற்றினார். அது பிடித்த சுவரை லேசில் விடாதாம், அதனால்தான் கல்யாணத்துக்கு அதை வைக்கிறார்களாம். பிறகு கைப்பிடியில் துணியை மடித்து மடித்துச் சுற்றினார். பெண்ணின் கையைப் பிடித்து அளவு பார்த்தார், இன்னும் இரண்டு சுற்று சுற்றினார். கடைசியில் ரிப்பனில் ஒரு வளையம் விட்டு, அதை அவள் மணிக்கட்டில் மாட்டி, பூவுக்குள் மறைத்தார்.

"இனிமே நீங்க விட்டாலும் அது உங்களை விடாது. முழங்கையை இடுப்போட ஒட்டி வச்சுக்குங்க. அவ்வளவுதான்."

பெண் எழுந்தாள். பிடித்துப் பார்த்தாள். கனமான கொத்து, இடுப்போடு ஒட்டி நின்றது. நடுக்கம் போய்விடவில்லை. ஆனால் ரோஜாக்கள் காற்றில் அசைகிற மாதிரி அசைந்தன. தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அடேங்கப்பா, என்ன கை அந்த அக்காவுக்கு! ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் பெட்டியை மூடப் போனார். மூடும்போது எதையோ சட்டென்று துணிக்கு அடியில் தள்ளினார். பெண் பார்த்துவிட்டாள்.

"அது என்ன?"

அக்கா தயங்கித் தயங்கித் துணியை விலக்கினார். ஊசி குத்திய ஒரு சின்ன வெள்ளை ரோஜாவை வெளியே எடுத்தார்.

"போன்ல 'எங்க வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம்'னு சொன்னாங்களா... பொண்ணோட அம்மா தோள்ல குத்திக்க எப்பவும் ஒண்ணு செய்வேன். இங்க வந்தப்புறம்தான்... தப்பா எடுத்துக்காதீங்க."

நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். வேறு எப்படிச் சொல்வது?

பெண் கொத்தை மேசையில் இறக்கிவைத்தாள். ரிப்பன் வளையத்தை மணிக்கட்டிலிருந்து கழற்றினாள். ரோஜாவை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நாலு மணிக்கு எழுப்பி, குளிக்க விரட்டி, தலை வாரி, ஊட்டிவிட்டு, திட்டித் தீர்த்தது யாரு? நீதானே? அப்ப இது உனக்குத்தான்."

அந்த விரல்களால் ஊசியை என் தோளில் ஏற்ற வெகுநேரம் ஆனது. இரண்டு முறை என்னையே குத்தினாள். அக்கா உதவ வரவில்லை. கதவை மறுபடியும் தட்டினார்கள். யாரும் திறக்கப் போகவில்லை.

எனக்குக் கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை.

"ஆடாம நில்லுடி" என்று அதட்டினாள். "உன்னைப் பெத்தப்பகூட நான் இவ்வளவு பாடுபடல."

ஊசி ஏறியதும், பூங்கொத்தைத் தூக்கிக்கொண்டு என் அம்மா கல்யாணம் செய்துகொள்ளப் போனாள்.