தொட்டி நிரம்பும் நேரம்

“நாலு மணி நேரம்,” என்றாள் சிறுமி, மார்க்கரின் மூடியைக் கடித்தபடி.

டியூஷன் டீச்சர் பெருமூச்சு விட்டார். பள்ளியில் அவரிடம் படிக்கும் பிள்ளைகள் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறார்கள். இவள் மட்டும் இருபதைத் தாண்டுவேனா என்று அடம்பிடிக்கிறாள்.

“மறுபடி ஸ்டெப் ஸ்டெப்பா சொல்லு. ஒரு குழாய் தொட்டிய ஆறு மணி நேரத்துல நிரப்புது. அப்போ ஒரு மணி நேரத்துல?”

“ஆறுல ஒரு பங்கு.”

“இன்னொரு குழாய் ரொம்பின தொட்டிய பன்னெண்டு மணி நேரத்துல காலி பண்ணுது. ஒரு மணி நேரத்துல?”

“பன்னெண்டுல ஒரு பங்கு.”

“ரெண்டையும் சேர்ந்தாப்ல திறந்து விட்டா?”

“கூட்டணும். நாலுல ஒரு பங்கு. நாலு மணி நேரம்.”

“ஒண்ணு உள்ள விடுது, ஒண்ணு வெளிய விடுது. எதுக்குடி கூட்டற?”

“எனக்குக் கழிக்கவே பிடிக்கல, டீச்சர். நீங்க வேற கணக்கு குடுங்க.”

சோபாவில் செய்தித்தாளுக்குப் பின்னால் அப்பா தொண்டையைச் செருமினார். அவர் டீச்சரிடம் நேராகப் பேசுவதில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான். மனிதருக்கு அவ்வளவு மிடுக்கு.

“உன் டீச்சர்கிட்ட சொல்லு. இவங்கள விட்டா வேற ஆளில்லைன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னதாலதான் டியூஷனுக்கு ஒத்துக்கிட்டேன். அதுவும் நீ பாஸாகற வரைக்கும்தான். பாஸாயிட்டா அப்புறம் யாரும் இந்த வாசப்படி ஏற வேண்டாம்.”

பரீட்சை திங்கட்கிழமை. ரெண்டு பஸ் மாறி வந்தாலும் வாரம் முழுக்க டீச்சர் நம்பியிருப்பது இந்த ஒரு டியூஷனைத்தான்.

வெள்ளைப் பலகையைத் தன் பக்கம் திருப்பினார். ‘4’ என்ற விடைக்கு அடியில், விரலால் அரைகுறையாக அழித்த ‘12’ மங்கலாகத் தெரிந்தது. சரியான விடை அதுதான்.

டீச்சர் சோபாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு துணியை எடுத்து, அந்தப் பன்னிரண்டைத் தடமே இல்லாமல் துடைத்தார். நாலை மட்டும் பத்திரமாக விட்டுவைத்தார்.

“இன்னும் தேறல,” என்றார் பொதுவாக. “அடுத்த சனிக்கிழமையும் வரணும்.”

செய்தித்தாள் ஒரு பக்கம் புரண்டது. அந்த வீட்டில் சம்மதத்துக்கு அதுதான் அடையாளம்.

வழியனுப்ப வாசல் வரை வந்த சிறுமி, உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அப்பா எழுந்திருக்கவில்லை. டீச்சரின் கையைப் பிடித்து இழுத்து, காதோடு கிசுகிசுத்தாள்:

“திங்கக்கிழமையும் தப்பாவே போடறேன், அம்மா. நீ வந்துட்டே இரு.”