இடது கையில் வெற்றிலை

"வெத்தலையை இடது கையில வாங்குது மச்சான்! பார்த்தீங்கள்ல?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கொதித்தான் சின்னக்கருப்பன்.

அவன் அக்கா புருஷன் நல்லகாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். சோழவந்தானில், தன் கொடிக்காலில் விடியும்போதே கிள்ளிய வெற்றிலை அது. நூறு நூறாகக் கவுளி அடுக்கி, வாழைமட்டையில் கட்டி, மதுரைக்குப் பஸ் ஏறிக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டியிருந்தான்.

டாக்டர் சோணையம்மாள் தன் வலது கையை வெள்ளைக் கோட்டுப் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை. இடது கையால் வாங்கி மேசை மேல் வைத்தார். "மருந்து இன்னும் தயாராகலை. பொறுங்க" என்று சொல்லிவிட்டுச் சோதனைக்கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நேத்து 'தயார்'னு சொன்னது இதே வாய்தானே?"

"சத்தம் போடாத மாப்ள. உங்கக்கா காதுல விழும்."

உள்ளே கட்டிலில் அன்னக்கொடி படுத்திருந்தாள். கொடிக்காலில், வெற்றிலைக் கொடி படரும் அகத்தியின் கட்டை காலில் குத்தி ஏறிய புண். பச்சையாகச் சீழ் வடிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த ஊசிகளையெல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. புண்ணிலிருந்த கிருமி எதற்கும் அடங்கவில்லை. திங்கட்கிழமை முழங்காலோடு எடுத்துவிட வேண்டியதுதான் என்று அறுவை டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் சோணையம்மாள் அவளைத் தேடி வார்டுக்கு வந்தார்.

"கிருமியைத் தேடிப் பிடிச்சுக் கொல்ற கிருமி ஒண்ணு இருக்கு. அதைவிட ரொம்பச் சின்னது. உங்க கிருமிக்குப் பொருத்தமானது கிடைச்சா, காலைக் காப்பாத்தலாம். புது முயற்சி. பலிக்காமலும் போகலாம். சம்மதமா?"

"அது எங்கம்மா கிடைக்கும்?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

"கெட்ட கிருமி எங்க அதிகமோ, அங்க. சாக்கடையில."

சின்னக்கருப்பன் சிரித்துவிட்டான். "எக்கா, வைகையில குளிச்சாப் பாவம் போகும்பாக. இந்தம்மா சாக்கடையில குளிச்சாச் சீக்குப் போகும்ங்குது!"

"உனக்கென்னடா, ரெண்டு காலும் இருக்கு" என்றாள் அன்னக்கொடி. "நீங்க பண்ணுங்கம்மா."

மறுநாளே, சிம்மக்கல் பக்கம் வைகையில் சாக்கடை சேரும் இடத்தில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த அம்மாள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் எடுப்பதைச் சின்னக்கருப்பன் பஸ்ஸிலிருந்தே பார்த்தான். அத்தனை பாட்டிலில் ஒரே ஒரு பாட்டில் தண்ணீருக்குத்தான் பலன் இருந்தது. கண்ணாடித் தட்டை எடுத்துக்கொண்டு வார்டுக்கே ஓடி வந்தார் சோணையம்மாள்.

"பாருங்க! தட்டு பூராவும் உங்க புண்ணுல இருந்த கிருமி. நடுவுல ஓட்டை ஓட்டையாத் தெரியுதுல்ல? அங்கெல்லாம் செத்துப்போச்சு! கொன்ன கிருமியை வடிச்சு மருந்தாக்கிட்டேன், தயாரா இருக்கு. நாளைக்குப் போட்டுருவோம்."

அந்தச் சந்தோஷத்தில்தான் நல்லகாமன் வெற்றிலை கொண்டுவந்தான். இப்போது மருந்தும் இல்லை, மரியாதையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அறுவை டாக்டரின் அறை வாசலில் நின்றபோது, உள்ளே சோணையம்மாள் பேசுவது வெளியே கேட்டது.

"இன்னும் கொஞ்சம் அவகாசம் குடுங்க சார்."

"சீழ் மேல ஏறுச்சுன்னா யார் பொறுப்பு?"

"நான் பொறுப்பு."

"கேட்டீங்களா? இவுக பொறுப்பாம்! காலு யாரு காலு?" என்றான் சின்னக்கருப்பன். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோதும் சோணையம்மாளின் வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

அறுவை இரண்டு நாள் தள்ளிப்போனது. செவ்வாய்க்கிழமை மருந்து வந்தது. பார்த்தால் வெறும் தண்ணீர். அதையும் இடது கையாலேயே புண்ணில் விட்டார். நர்ஸ் கட்டுப் போட்டாள். தினமும் விட்டார்கள். சீழ் குறைந்தது, நாற்றம் நின்றது, புண்ணில் சிவப்பாகப் புதுச் சதை எட்டிப் பார்த்தது.

கால் தப்பியது.

வீட்டுக்குப் போகும் நாளன்று நல்லகாமன் புதுக் கவுளியோடு வந்தான். அறுவை டாக்டருக்குக் கொடுத்தான், நர்ஸுக்குக் கொடுத்தான்.

"சோதனைக்கூடத்து அம்மாவுக்கு?" என்றாள் அன்னக்கொடி.

"இடது கையில வாங்குனவுகளுக்கு இனி நான் குடுக்க மாட்டேன்."

"அப்ப நான் குடுக்கேன்."

ஊன்றுகோலோடு, ஆனால் இரண்டு காலாலும், அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் இருவரும் பின்னால் போனார்கள்.

அன்னக்கொடி வெற்றிலையை நீட்டினாள். மறுபடியும் இடது கைதான் வந்தது.

நல்லகாமனுக்குப் பொறுக்கவில்லை. "தப்பா நினைக்காதீங்கம்மா. எங்க ஊருல வெத்தலையை இடது கையில வாங்குனா, பகைன்னு அர்த்தம்."

"எங்க ஊருலயும் அப்படித்தான்ணே" என்றார் சோணையம்மாள். வலது கையை மெதுவாக வெளியே எடுத்தார்.

மணிக்கட்டு வரை கட்டு. வெளியே தெரிந்த விரல்கள் தடித்து, தோல் உரிந்து கிடந்தன.

"அன்னைக்குச் சாக்கடையில தண்ணி எடுக்கும்போது கண்ணாடி கிழிச்சிருச்சு. மருந்து வடிச்ச ராத்திரி, புண்ணுதான் இருக்கே, முதல்ல இதுல விட்டுப் பார்ப்போம்னு விட்டேன். வடிச்சதுல ஏதோ அழுக்கு தங்கியிருக்கு போல. விடியுறதுக்குள்ள கை இம்புட்டு வீங்கிருச்சு. அதான் மருந்தை மறுபடி வடிச்சேன். அதையும் இதுல விட்டு, ஒண்ணும் பண்ணலைன்னு பார்த்துட்டுத்தான் வார்டுக்குக் கொண்டுவந்தேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றான் நல்லகாமன்.

"சொன்னாப் பயந்துருவீங்க. பயத்துக்கு உங்க கோபமே தேவலைன்னு விட்டுட்டேன்."

அன்னக்கொடி தன் காலைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் பார்த்தாள்.

"அப்ப, எங் காலுக்கு வர வேண்டியதைத்தான் வலது கையில வாங்கிக்கிட்டீங்களா தாயி?"