ஒரு கட்டில்தான் காலி

அவசரப் பிரிவில் காலியாக இருந்த ஒரே கட்டிலில் கணவரைப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் வெளிறிக் கிடந்தது. பக்கத்தில் நின்ற மனைவிதான் டாக்டருக்குப் பதில் சொன்னாள்.

“மலத்துல ரத்தம் எப்பலேருந்து போகுதும்மா?”

“காலையிலேருந்து, டாக்டர். கருஞ்சிவப்பா, கட்டி கட்டியா. வலி இல்ல.”

“ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது?”

“இதயத்துக்காகச் சாப்பிடறதுதான். இன்னிக்குப் போடல.”

“பதறாம அழகாச் சொல்றீங்க.” டாக்டர் நர்சிடம் திரும்பினார். “சாருக்கு ரத்தம் ஏத்தணும், ஏற்பாடு பண்ணுங்க.”

“அவருக்கு எதுக்கு? ரத்தத்தைப் பார்த்துட்டு வர்ற வழியிலேயே மயங்கிட்டாரு. கார் ஓட்டினதே நான்தான். ரத்தம் போறது எனக்கு டாக்டர். அவரைக் கொஞ்சம் எழுப்பிவிட்டீங்கன்னா, நான் படுத்துக்கறேன்.”