இந்தக் குளிருக்கு வலது கால்

"வீல்சேர் சொல்லட்டுமா மேடம்?" என்றாள் போர்டிங் பாஸைக் கிழித்துக் கொடுத்த பெண்.

"எனக்கில்லம்மா. எங்கப்பா காலை ஒடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. இது அவருக்கு" என்று, மடித்துக் கக்கத்தில் இடுக்கியிருந்த வாக்கரைக் காட்டினாள் நர்ஸ். அந்தப் பெண் வாக்கரைப் பார்க்கவில்லை. நர்ஸின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு நாள் விடாமல் இரவு டியூட்டி. வார்டில் இரண்டு பேர் வேலையை விட்டு நின்றதிலிருந்து அவர்கள் பார்த்த நோயாளிகளும் இவள் தலையில்தான் விடிந்தார்கள். அசதியாக இருக்கிறது என்று லீவு கேட்டால் தலைமை நர்ஸ் சிரிப்பாள். வீட்டில் யாராவது விழுந்து கிடந்தால்தான் லீவுக் கடிதத்தில் அந்தம்மாவின் கையெழுத்து விழும்.

வடக்கே பனிமலையில் தனியாக இருக்கும் அப்பாவோ வருஷம் தவறாமல் விழுந்துகொண்டுதான் இருந்தார். மூன்று வருஷக் கணக்கு அவளுக்கு விரல் நுனியில் இருந்தது: முதல் குளிருக்கு விலா எலும்பு, போன குளிருக்கு இடது கை, இந்தக் குளிருக்கு வலது கால். சமாசாரத்தைச் சொன்ன கையோடு டிக்கெட்டையும் நீட்டிவிட்டார் கணவர். "பிள்ளைங்களை நான் பாத்துக்கறேன். நீ முதல்ல கிளம்பு."

விமானத்தில் கண் எரிந்ததே தவிர மூடவில்லை. கைப்பையில் முதியோர் இல்லத்தின் படிவம் இருந்தது. 'பராமரிப்பு தேவைப்படுபவர்' என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை மணிமணியாக எழுதி முடித்திருந்தாள். அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அம்மா போன எட்டு வருஷத்தில் அந்த வீட்டை விட்டு ஒரு நாள்கூட வெளியே தங்காத மனுஷர். அவரிடம் இதை எந்த வாயால் சொல்வது? ஆனால் நான்காவது குளிருக்கு இன்னொரு எலும்பைத் தாங்க அவள் உடம்பில் தெம்பு இல்லை. இந்தத் தடவை பேசியே தீர்வது.

விமானத்தை விட்டு இறங்கி, ஜீப் பிடித்து, மலை வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது மதியம் இரண்டரை. கேட்டிலிருந்து படி வரைக்கும் பனியைத் தள்ளி, கோடு போட்டது போல வழி விட்டிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி அப்படியே கிடந்தது. வாக்கரைப் பனியில் இழுக்க வேண்டாம், புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாய்வு நாற்காலியில் அப்பா. முக்காலியின் மேல் பெரிய கட்டோடு வலது கால்.

"வா கண்ணு. எந்திரிச்சு வர முடியலை."

"நீங்க உக்காருங்கப்பா. வாசல்ல பனியை யாரு தள்ளினது?"

"பக்கத்து வீட்டுக்காரர்தான். தங்கமான மனுஷன்."

அவள் குனிந்து கட்டைப் பார்த்தாள். "எந்த டாக்டர்ப்பா இப்படிக் கட்டினாரு? பார்சல் கட்டின மாதிரி இருக்கு. அவுத்துப் பாக்கறேன்."

"தொட்டுடாதே! ஊரைக் கூட்டிருவேன். மலை டாக்டருக்கு அவ்வளவுதான் வரும், விடு."

"சரி. உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"பேசலாம், நான் எங்கே ஓடிடப் போறேன்? முதல்ல போய் உடம்பை நீட்டு. ஒரு அரை மணி நேரம்."

அரை மணிதானே என்று உள்ளறைக் கட்டிலில் சாய்ந்தாள். ஷூவைக் கழற்றினாளா இல்லையா என்பதுகூட நினைவில்லை.

கண் விழித்தபோது சுவர்க் கடிகாரத்தில் மூன்றேகால். சொன்னபடி அரை மணியில் எழுந்துவிட்டோம் என்று கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. உடம்பு பஞ்சு போல லேசாக இருந்தது. கண்ணில் எரிச்சல் இல்லை. செல்போனை எடுத்துப் பார்த்தவள் திடுக்கிட்டாள். தேதி மறுநாளைக் காட்டியது!

அடித்துப் போட்டது போல ஒரு முழு நாள் தூங்கியிருக்கிறாள். நடக்க முடியாத மனுஷர் இத்தனை நேரம் சாப்பாட்டுக்கு என்ன செய்தாரோ? அடித்துப் பிடித்து எழுந்தாள். இன்னும் தள்ளிப்போட்டால் சொல்ல மனம் வராது என்று படிவத்தையும் பேனாவையும் கையோடு எடுத்துக்கொண்டாள்.

ஹாலில், அவள் வைத்த இடத்திலேயே வாக்கர் நின்றது. அதன் மேல் ஈரத் துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அடுக்களைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருக்க, உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னும் எந்திரிக்கலை. நேத்து மூணு மணிக்குப் படுத்தவ, புரண்டுகூடப் படுக்கலை. இப்பத்தான் மூஞ்சியில ரத்தமே தெரியுது."

படிவத்தைப் பிடித்தபடி அவள் கதவருகில் நின்றாள். போனில் அந்தப் பக்கம் ஏதோ சொல்ல, அப்பா குலுங்கிச் சிரித்தார்.

"சரி மாப்பிள்ளை, அடுத்த குளிருக்கு நான் எதை ஒடிச்சுக்கட்டும்?"