நான்கு நொடி

"பெட்டிக்குள்ள கையை விட்டுத் தொட்டுக்கிட்டே இருந்தா குழந்தைக்குக் கிருமி வராம என்ன வரும்?"

முந்தாநாள் முத்தழகியிடம் இப்படித்தான் எரிந்து விழுந்தாள் நர்ஸ் எஸ்தர்ராணி. குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் முத்தழகியின் மகளின் எடை எழுநூறு கிராம். மூன்று வாரமாக, கைவழியாக இதயத்தருகே போகும் மெல்லிய குழாயில்தான் அதற்குச் சாப்பாடும் மருந்தும். அந்தக் குழாயில் கிருமி ஏறி, குழந்தை துவண்டு கிடந்தது.

குழாயின் மூடியை யார் திறந்தாலும், அதற்குமுன் கிருமிநாசினியால் அதை எத்தனை நொடி துடைத்தார்கள் என்பதை மூடியே குறித்துக்கொள்ளும் காலம் இது. கிருமி உறுதியானால் அந்தக் குறிப்பு பெற்றவர்கள் போனுக்கே போய்விடும்.

இன்று காலை போனது. எஸ்தருக்கும் நகல் வந்தது.

'செவ்வாய் 11.42. துடைக்க வேண்டியது பதினைந்து நொடி. துடைத்தது நான்கு. எஸ்தர்ராணி.'

அன்று பக்கத்துப் பெட்டியில் அலாரம் அடித்த அவசரம். எஸ்தருக்கு முகம் எரிந்தது. முத்தழகி போனும் கையுமாக எதிரே வந்து நின்றாள்.

"தப்பு என்னோடதும்மா" என்றாள் எஸ்தர், தலை நிமிராமல். "திட்டணும்னா திட்டிடுங்க."

"படிச்சேன் சிஸ்டர். அப்ப என்னால இல்லைதானே?"

"இல்லம்மா."

"இனிமே பாப்பாவைத் தொடலாமா? நீங்க சொன்னதுலேருந்து ரெண்டு நாளா கண்ணாடி வழியாத்தான் பாத்துட்டிருக்கேன். அழுதப்பகூடத் தொடல."

எஸ்தர் சரியென்று தலையாட்டினாள். முத்தழகி கைகழுவும் குழாயடிக்கு ஓடி, முழங்கைவரை தோல் சிவக்கத் தேய்த்துக் கழுவினாள். பிறகு இரண்டு கைகளையும் எஸ்தர் முன்னால் நீட்டினாள்.

"இது போதுமா சிஸ்டர்?"