பூட்டோடு வந்த படத்தட்டு

கடையில் முறைப்படி வாங்கப்பட்ட புதிய படத்தட்டு, அதாவது சினிமா டிஸ்க், கணினிக்குள் நுழைந்ததும் அதன் பழைய திரையை ஏற இறங்கப் பார்த்தது.

"நகலெடுப்பதைத் தடுக்கும் என் பூட்டைத் திறக்க உம்மிடம் அனுமதி முத்திரை உண்டா?"

"நான் பிறந்த காலத்தில் அப்படியொன்று இல்லையே."

"அப்படியானால் தெளிவான படத்தைத் தர இயலாது. நீர் நகலெடுத்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிடுவீர்."

"ஏழு ஆண்டுகளாக இந்த மேசையை விட்டு நான் நகர்ந்ததில்லை ஐயா. எந்த ஊருக்குப் போய்க் கொடுப்பேன்?" என்று திரை சலித்துக்கொண்டது. "படம் தெளியாவிட்டால் பழி என்மேல்தான் விழும். என்னைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்."

"விதி விதிதான்" என்ற தட்டு, படத்தை மங்கலாகவே அனுப்பியது.

வீட்டுக்கார அம்மையார் வகுளா மூக்குக்கண்ணாடியை இருமுறை துடைத்துப் பார்த்தார். திரை பழுதாகிவிட்டதோ என்று சோதிக்க, அண்டை வீட்டார் கொடுத்த பென் டிரைவைச் செருகினார். அதே படம், கதாநாயகனின் மீசை முடியை எண்ணும் அளவுக்குத் தெளிவாக ஓடியது. திரை தப்பியது; தட்டு, தான் வந்த பெட்டிக்கே திரும்பியது.

"யார் நீ?" என்று தட்டு அங்கிருந்தே பென் டிரைவை அதட்டியது.

"உங்கள் நகல்தான், அண்ணா. வரும்போது அந்தப் பூட்டை மட்டும் எடுத்துவரவில்லை."